ரெட்நெக்: செங்கழுத்தனா, வெயில்கழுத்தனா?

> அமெரிக்க நாட்டுப்புறத்தாரைக் கேலி செய்யும் "ரெட்நெக்" என்ற கொச்சைச் சொல்லுக்குச் "செங்கழுத்தன்" போதுமே? இல்லையென்றால் பட்டிக்காட்டான் இருக்கவே இருக்கிறது.

வணக்கம் ஐயா,

இரண்டுமே இடறுகின்றன. நம் பேச்சில் "பையன் செவப்பா இருக்கான்" என்றால் புகழ்ச்சி. செங்கழுத்தன் என்றதும் வசவு போய் நல்ல நிறத்துக்காரன் வந்து நிற்பான். அங்கே சிவப்பு என்பது வெயில் சுட்ட தடம். நாளெல்லாம் நிலத்தில் குனிந்து நிற்கும் வெள்ளைக்காரக் குடியானவனுக்குச் சட்டை மறைக்காத புறங்கழுத்து கன்றிச் சிவக்கும். குடியாத்தம் பக்கம் கொல்லையில் மல்லாட்டைக்குக் களை எடுப்பவர்களுக்கும் வெயில் அதே இடத்தில்தான் விழுகிறது. ஆனால் கழுத்து கறுக்கும். அதனால் நிறத்தை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லாக்கலாம்: வெயில்கழுத்தன். பிடரி என்பது இன்னும் துல்லியமான இடம்தான், ஆனால் "வெயில்பிடரி" என்றால் சிங்கம் நினைவுக்கு வரும்.

பட்டிக்காட்டான் வேறு ஆள். மிட்டாய்க்கடையைப் பார்த்து வாய்பிளந்து நிற்பவன்; டவுனுக்குப் புதியவன் என்பதே அவன்மேல் உள்ள கேலி. "யோக்கல்" (yokel), "பம்ப்கின்" (bumpkin) என்ற ஆங்கிலக் கேலிச் சொற்கள் இரண்டுக்கும் அவன் பொருந்துவான். ரெட்நெக்கில் வெள்ளை இனம், ஏழ்மை, தென்மாநிலம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பட்டிக்காட்டானிடம் மூன்றுமே இல்லை. வெயில்கழுத்தனிலும் இனம் வெளிப்படையாக இல்லை என்பது குறைதான். முதல் முறை வரும்போது "தென்மாநில ஏழை வெள்ளையர்" என்று ஒரு விளக்கம் சேர்த்தே ஆக வேண்டும்.

(காட்பாடியிலிருந்து)

> சரிம்மா. ஆனால் சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணியிலிருந்து வந்த சொல் என்கிறார்களே? அப்படியானால் வெயில் எதற்கு?

அந்தத் துணி உண்மைதான் ஐயா. 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலைப் போராட்டத்தில் தொழிற்சங்கத்தார் அதைக் கட்டியிருந்தார்கள். ஆனால் சொல் 1830இலேயே அச்சில் இருக்கிறது, வடகரோலினாவின் ஃபேயட்வில் ஊர்ப் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபையாரின் பட்டப்பெயராக. 1893இல் உழவரைக் குறித்தும் வந்துவிட்டது. துணி பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். அகராதியில் அதை இரண்டாம் பொருளாகத் தனி எண்ணிட்டுப் போடுங்கள், "சொற்பிறப்பு" என்ற தலைப்பின்கீழ் வேண்டாம்.

விகுதியிலும் கவனம் வேண்டும். பிறர் ஏசும் இடத்தில் வெயில்கழுத்தன். அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் வெயில்கழுத்தர். நாட்டுப்புறத்தான் என்பது வசவாக இருக்க, நாட்டுப்புறவியல் பல்கலைக்கழகப் பாடமாகி நிற்கிறதே, அதே போல இந்தச் சொல்லுக்கும் இரு பக்கமும் இடம் விட்டு வைப்போம்.