ரூட் கேனல் செய்த பல்லில் மறுபடியும் சீழ்: திரும்பச் செய்யலாமா, பிடுங்கிவிடலாமா?

கடைவாய்க்காரன்:
நாலு வருஷத்துக்கு முன் மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட்டேன். வலி துளிகூட இல்லை, ஆனால் இரண்டு மாதமாக ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாகத் தெரிகிறது. ஒரு டாக்டர் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ரூட் கேனலைத் திரும்பச் செய்யலாம் என்கிறார். ஒரு தடவை தேறாதது இரண்டாம் தடவை எப்படித் தேறும் என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை.

பல்லவி:
நான் பல் டாக்டர்தான். மேல் முதல் கடைவாய்ப் பல் என்றால் முதல் சந்தேகம் விட்டுப்போன குழாய் மேல்தான்; வேருக்குள் நரம்பு ஓடும் குழாயைத்தான் ரூட் கேனலில் சுத்தம் செய்து அடைப்போம். மூன்று வேர்தானே என்று மூன்று குழாயைச் சுத்தம் செய்து அடைத்திருப்பார்கள், ஆனால் கன்னப் பக்கத்து முன் வேரில் பாதிப் பேருக்கு மேல் இன்னொரு குழாய், மயிரிழை மாதிரி, ஒளிந்திருக்கும். அதில் கிருமி தங்கியிருந்தால் எத்தனை மாத்திரை போட்டும் பலனில்லை, உள்ளே ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? சி.பி.சி.டி. ஸ்கேன், அதாவது பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே, எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எண்டோ எம்.டி.எஸ். (ரூட் கேனல் சிகிச்சையில் மேல்படிப்பு) முடித்தவரிடம், மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்பவரிடம் போங்கள்.

ஒருமுறை பட்டவன்:
டாக்டரம்மா சொல்வது சரி, ஆனால் முதலில் வேர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பைச் சுரண்டி, மூன்று தடவை போய்வந்த பிறகுதான் வேர் நெடுக விரிசல் என்றார்கள். காசும் போச்சு, பல்லும் போச்சு.

பல்லவி:
அது உண்மை. நெடுக்கு விரிசல் என்றால் பெரும்பாலும் காப்பாற்ற வழியில்லை. ஈறைச் சுற்றி அளக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருவி ஆழமாக இறங்கினால் அந்தச் சந்தேகம் வரும், எக்ஸ்ரேயில் பல நேரம் விரிசல் தெரியாது. கேப்பைக் கழற்றியதும் ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் மிஞ்சுகிறதா என்பதும் முக்கியம், இல்லாவிட்டால் புதுக் கேப் நிற்காது.

கடைவாய்க்காரன்:
ஸ்கேன் எடுத்தேன். நாலாவது குழாய் இருக்கிறதாம், யாரும் தொடவே இல்லையாம்! அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம். அந்தக் கருப்பு எப்போது மறையும்?

பல்லவி:
கொப்புளம் சீக்கிரம் வற்றும். அந்தக் கருப்பு எலும்பு கரைந்த இடம்; அங்கே எலும்பு நிரம்ப ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். புதுக் கேப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.