அப்பாவை பாஹா திமிங்கலப் படகில் கூட்டிப் போகலாமா? அத்தனை நாள் தாங்குமா?

மணப்பாடு_மகன்

வணக்கம். சான் டியாகோவில் ஐந்து வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் மணப்பாடு. அப்பா பிப்ரவரியில் இங்கே வருகிறார், ஏப்ரல் கடைசி வரை இருப்பார். வயது 68, நாற்பது வருடம் கடல் தொழில் பார்த்தவர். இங்கிருந்து தெற்கே மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியா வரை போகும் திமிங்கலப் படகில் அவரைக் கூட்டிப் போக ஆசை.

2016 ஜனவரியில் எங்கள் கரையில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். 80-க்கு மேல் வந்தன, 45 செத்துப் போயின. கயிறு கட்டி வள்ளத்தில் அதுகளை ஆழத்துக்கு இழுத்து விட்டவர்களில் அப்பாவும் ஒருவர். இழுத்து விட்டதில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. 1973-லும் இதே கரையில் 147 ஒதுங்கின, அப்போது அப்பாவுக்கு 15 வயது. நடுக்கடலில் தூரத்தில் முதுகு தெரிந்ததெல்லாம் உண்டு, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அவர் பார்த்த இரண்டு தடவையும் மணலில் கிடந்து மூச்சு வாங்கியதைத்தான் பார்த்திருக்கிறார். போன மாதம் போனில் பேசும்போது அவராகவே, "அதுக உசுரோட பக்கத்துல நீந்துறத ஒரு தடவ பாக்கணும்ல" என்றார். அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இங்கே 8 நாள் பயணம் ஒன்று, சான் இக்னாசியோ கடற்கழி வரை போய்த் திரும்புவது. இன்னொன்று 12 நாள், பாஹாவின் தென்முனையைச் சுற்றி உள்பக்கக் கரையில் லா பாஸ் நகரம் வரை. அவருக்குக் கடல் ஒத்துக்காமல் போகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வலது முழங்கால் சரியில்லை, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். விசா எப்படி? மூன்று மணி நேரத்தில் சான் டியாகோவிலேயே காட்டுகிறார்களே, அது போதாதா? போனவர்கள் சொல்லுங்கள்.

பசிபிக்_ஓரம்

தம்பி, கூட்டிப் போங்கள். நான் 2024 மார்ச்சில் அந்த 12 நாள் பயணம் போனேன், 30 பேருக்கும் குறைவான படகு.

மூன்று மணி நேரப் பயணமும் நான்கைந்து தடவை போயிருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாம்பல் திமிங்கலம் ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பாஹா கழிகளுக்கு வந்து திரும்புகிற வழியில் சான் டியாகோ இருக்கிறது, போக வர 16,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அங்கே அது அவசரமாக நடந்து போகிற வழிப்போக்கன் மாதிரி. மூன்று நான்கு தடவை ஊதும், வால் தெரியும், அப்புறம் சில நிமிடம் ஆளே இருக்காது. படகும் 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும். உங்கள் அப்பா கேட்டது அது இல்லை.

கழி வேறு உலகம். பெரிய படகு வாய்ப் பக்கம் நங்கூரம் போட்டு நின்றுவிடும், திமிங்கலம் இருக்கும் பகுதிக்குள் அதற்கு அனுமதி கிடையாது. உள்ளூர் மீனவர்கள் 'பாங்கா' கொண்டு வந்து ஏற்றிப் போவார்கள். பாங்கா என்றால் ஏறக்குறைய நம் ஊர் ஃபைபர் வள்ளம்தான், பின்னால் ஒரு அவுட்போர்டு. ஓட்டுபவர்கள் மற்ற மாதங்களில் சிங்கி இறால் பிடிப்பவர்கள். உங்கள் அப்பா ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் அவர்களில் ஒருவராகிவிடுவார், மொழியே வேண்டாம்.

கழியில் இரண்டாம் நாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நின்றோம். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் பச்சைத் தண்ணீருக்கு அடியில் வெளிறிய நிறத்தில் ஏதோ ஒன்று படகுக்குக் குறுக்கே போனது, அது முடியவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. தாய். படகைவிட இரண்டு மடங்கு நீளம். அதன் முதுகுப் பக்கத்திலிருந்து குட்டி நேராக எங்களிடம் வந்து மூஞ்சியை விளிம்பில் வைத்தது. குட்டி என்கிறேனே, பிறக்கும்போதே நாலரை மீட்டர் இருக்கும். கையை வைத்தேன். தோல் உரித்த அவித்த முட்டை மாதிரி வழவழப்பு, ஆனால் அமுக்கினால் உள்ளே கெட்டி. மூக்குப் பகுதியில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒற்றை முடி, அதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்கவில்லை. தாயின் மேல் வெள்ளையாகக் கொட்டலசு அப்பியிருந்தது, அதன் இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் பேன்கள். பக்கத்தில் அது மூச்சு விட்டபோது மீன் கழுவிய தண்ணீர் வாடை முகத்தில் அடித்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி அழுதுவிட்டார், நானும்தான்.

இறங்கும்போது ஓட்டுநரிடம் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி என்று. 1972-ல் பச்சிக்கோ மயோரால் என்கிற மீனவர் இதே கழியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு திமிங்கலம் அவர் படகை விட்டுப் போகவே இல்லை, பயந்து பயந்து கடைசியில் கையை நீட்டித் தொட்டிருக்கிறார். அதற்கு முன்னால் இவர்கள் எல்லாரும் திமிங்கலத்தைக் கண்டால் படகு விளிம்பைத் தட்டி ஒலி எழுப்பி விரட்டுவார்களாம். பயத்துக்கும் காரணம் இருந்தது. 1840-களிலிருந்து வேட்டைக் கப்பல்கள் பாஹா கழிகளுக்குள் புகுந்து குட்டியோடு இருந்த தாய்களைக் கொன்றன, அதுகளும் படகுகளை அடித்து நொறுக்கின, 'பிசாசு மீன்' என்று அப்போது அதற்குப் பெயர்.

கழிக்கு முன்னால் சான் பெனிடோ தீவுகளில் யானை சீல்கள் மணலில் உருண்டு கிடக்கும், தாய் விட்டுப் போன குட்டிகள் கண்ணை விரித்துப் பார்க்கும். முனை தாண்டினால் கூனல் முதுகுத் திமிங்கலங்கள், தண்ணீருக்குள் மைக் இறக்கிப் பாட்டைக் கேட்க விட்டார்கள். உள்பக்கக் கரையில் இருக்கும் லொரேட்டோ ஊர்ப் பக்கம் நீலத் திமிங்கலம், அது ஊதினால் மூன்று மாடி உயரம். ஒரு ராத்திரி ஓங்கில் (டால்பின்) கூட்டம் படகு முனைக்கு வந்தது, தண்ணீரில் ஒளி இருந்ததால் ஒவ்வொன்றும் பச்சை வெளிச்சத்தில் கோடு போட்டுக்கொண்டு ஓடியது. தூங்காமல் பார்த்தேன்.

விசா: அப்பாவின் அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். எல்லை கடந்து திரும்புவதால் அது மல்டிப்பிள் என்ட்ரி தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா காலாவதியாகி இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான், அதையும் பாருங்கள்.

மாற்று_வழி

நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 8 நாள் பயணம் போனேன். தெற்கே போகும்போது அலை பின்னாலிருந்து தள்ளும், சமாளிக்கலாம். திரும்பி வரும்போது வடமேற்குக் காற்றுக்கு நேர் எதிரே, இரண்டு ராத்திரி படகு எகிறி எகிறி விழுந்தது. கடல் பழகியவர் என்றாலும் முழங்கால் வலி உள்ளவர் அந்த ஆட்டத்தில் ராத்திரி கழிப்பறைக்கு ஏணி ஏறி இறங்குவதை யோசியுங்கள். பெரிய படகிலிருந்து பாங்காவுக்கு இறங்குவதும் அலை ஏறும் நேரம் பார்த்துக் கால் வைக்கிற வேலை. ஆஸ்பத்திரி எதுவும் பக்கத்தில் கிடையாது.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லொரேட்டோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட காரில் போனால் லோபெஸ் மத்தேயோஸ், மக்தலேனா வளைகுடாவின் மேல் முனை. அதே சாம்பல் திமிங்கலம், அதே பாங்கா, ராத்திரி கட்டிலில் தூக்கம். லொரேட்டோவிலேயே ஒரு நாள் நீலத் திமிங்கலம் பார்க்கலாம். சான் இக்னாசியோவிலும் கரையில் கூடார முகாம்கள் உண்டு. திமிங்கலத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வழி வயதானவர்களுக்கு மேல்.

மருந்தகம்

மருந்தகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் ஒன்று மட்டும். படகில் எல்லாரும் கடல் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைப் பற்றிப் பேசுவார்கள், நல்ல மருந்துதான், ஆனால் கண் அழுத்தம் அல்லது புராஸ்டேட் தொந்தரவு இருக்கும் வயதானவர்களுக்கு அது ஆகாது. சிலருக்குக் குழப்பம்கூட வரும். அப்பாவுக்குத் தேவைப்படாது என்று நீங்கள் சொன்னாலும், இத்தனை வருடம் கழித்துப் போகிறார், மூடிய அறைக்குள் படுக்கிறார், அது வள்ளத்தில் நிற்பது மாதிரி இல்லை. ஊரிலேயே டாக்டரைப் பார்த்து எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒரு பை நனைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

மணப்பாடு_மகன்

எல்லாருக்கும் நன்றி. லொரேட்டோ வழியை அப்பாவிடம் சொன்னேன். "கடல் வழியா போறதுன்னா வாரேன், பிளேன்ல போயி பாக்க நான் என்ன ஆபீசரா" என்றார். அதனால் படகுதான். 12 நாள் பயணம் லா பாஸில் முடிவதால் எதிர்காற்றில் திரும்பி வர வேண்டியதில்லை, அங்கிருந்து விமானத்தில் வந்துவிடலாம், அதற்கு ஒப்புக்கொண்டார்.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. நாங்கள் போய்த் தொடுவது அதுகளுக்குத் தொந்தரவு இல்லையா? அப்பா கேட்டது இன்னொன்று, அங்கேயும் அதுக கரை ஒதுங்குமா?

பசிபிக்_ஓரம்

முதல் கேள்விக்கு: சான் இக்னாசியோவில் ஒரே நேரத்தில் 16 பாங்காவுக்கு மேல் விட மாட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் நேர வரம்பு உண்டு, துரத்தக் கூடாது. கழியின் பெரும்பகுதிக்குள் படகே போகாது. வராத திமிங்கலத்தை விட்டுவிடுவார்கள், எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க எதுவும் வரவில்லை, ஓட்டுநர் ஒரு தடவைகூட நெருங்கிப் பார்க்க முயலவில்லை. எனக்கு அந்த மதியம்தான் அவர்கள் மேல் நம்பிக்கை தந்தது. அந்தக் கழியை 1993-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது, அப்படியிருந்தும் அங்கே பெரிய உப்பளம் கட்டத் திட்டம் இருந்தது, 2000-ல்தான் கைவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் சம்பாதிக்கும் பணம் திமிங்கலம் உயிரோடு வருவதில் இருக்கிறது என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வியை அப்பாவிடம் மறைக்க வேண்டாம். ஒதுங்கும். நான் போனபோது கழிக்கு வெளியே மணல் மேட்டில் ஒன்று கிடந்தது, பறவைகள் மேலே இருந்தன. உயிரோடு இருந்த சிலதுகூடத் தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்து மெலிந்து தெரிந்தன. வடக்கே கடலடிச் சேற்றில் இரையெடுத்துச் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் இந்தப் பயணம் முழுவதும் போய் வர வேண்டும், அங்கே இரை குறைந்திருக்கிறது. 2019-லிருந்து 2023 வரை நிறைய செத்தன. 2016-ல் 27,000 அளவில் இருந்தவை 2025 கணக்கில் 13,000 பக்கம் வந்துவிட்டன, குட்டிகளும் ரொம்பக் குறைவு. நான் அப்போதே போனது நல்லதாயிற்று என்று நினைப்பதற்கே கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் இவை உங்கள் ஊரில் வந்தவை மாதிரி கூட்டமாக வந்து ஏறுவதில்லை, ஒன்று ஒன்றாகச் சாகின்றன. அவர் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரே என்னைவிடச் சரியாகச் சொல்வார்.

மற்றபடி, கீழ்த்தளத்தில் படகின் நடுப்பகுதியில் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள், முனைப் பக்கம் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சோறு வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள், சமையல்காரர் செய்து தருவார். பசிபிக் பக்கம் காற்று எலும்பில் இறங்கும், ஊரிலிருந்து வரும்போது குரங்குக் குல்லாவை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பாங்காவில் அவரை இடது வலது என்று பார்க்காமல் நடுப் பலகையில் உட்கார வையுங்கள், அங்கே விளிம்பு தாழ்வு, முழங்காலை மடக்காமலே கை தண்ணீருக்கு எட்டும்.