மறுமொழி: வாத்துச் சேவலின் மங்கல் நிறத்துக்கு 'மறைகோலம்'

வணக்கம். இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துச் சேவல் பளிச்சென்ற நிறம் போய்ப் பெட்டையைப் போல மங்கலாகிவிடும். ஆங்கிலத்தில் இதை eclipse plumage என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> 'கிரகண இறகுடை' என்று நேரே போட்டுவிடலாமே. ஆங்கிலத்திலும் கிரகணம்தானே.

போடலாம் ஐயா. ஆனால் எங்கள் பக்கம் கிரகணம் என்றால் கோயில் நடை சாத்துவதும் சாப்பாட்டில் தர்ப்பை போட்டு வைப்பதும்தான் ஞாபகம் வரும். சில மணி நேரத்தில் முழுகிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நீலச்சிறகி (garganey) என்ற வலசை வாத்துக்கு அது பல மாதக் கதை.

போன மார்கழியில் மருமகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பண்ணைத் தாம்போதிக்குப் போயிருந்தேன். தண்ணீர் வற்றிய சேற்றோரம் நீலச்சிறகிகள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. எல்லாமே மண்ணிறம். கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு, கண்ணை ஊடறுத்துக் கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு கோடு.

"முழுக்கப் பெட்டையா மாமா?" என்றான். நானும் பேசாமல் நின்றேன்.

ஒரு பருந்து தாழப் பறக்க, கூட்டம் எழும்பியது. அப்போதுதான் சிலவற்றின் செட்டை முன்பக்கம் வெளிர்நீலச் சாம்பலாகத் தெரிந்தது. அதன் பின்னால், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே பச்சைப் பட்டை. அவை சேவல்கள். செட்டையின் பறப்பிறகு ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால், உடம்பு பெட்டை வேஷம் போட்டாலும் செட்டையில் பிடித்துவிடலாம்.

> அப்படியானால் 'உதிர்கோலம்'?

நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு. இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறப்பிறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிட்டு 3, 4 கிழமை பறக்க முடியாமல் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். அந்த நிலைக்கு இதை வைத்துக்கொள்வோம். இங்கே வந்து சேரும்போது செட்டை முளைத்திருக்கும், உடம்புதான் மங்கல். ஊசிவால் வாத்துச் சேவல் அதற்குள் வெள்ளைக் கழுத்தைக் காட்டத் தொடங்கிவிடும். நீலச்சிறகிதான் மாசி வரைகூட இழுத்தடிக்கும்.

ஆகவே என் முன்மொழிவு மறைகோலம். இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மணக்கோலம். பின்னது எல்லாருக்கும் தெரிந்த சொல். முன்னது அதன் பக்கத்தில் தானாகவே புரியும். 'மறை' என்றால் வேதம் அல்லவா என்று கேட்டவருக்கு: நடுவில் 'க்' போட்டால்தான் அந்தச் சிக்கல். இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. தட்டச்சுச் செய்பவர்கள் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்!

'சேவல்' என்றால் கோழிதானே என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. தொல்காப்பிய மரபியல் மயிலை மட்டும் விட்டுவிட்டுச் சிறகுள்ளவற்றின் ஆணுக்கெல்லாம் அந்தப் பெயரைத் தருகிறது. சந்தைக்குள் சிரிப்பார்கள், சரி, சிரிக்கட்டும்.

மிச்சம் செட்டையில் தெரியும் அந்தப் பச்சைப் பட்டைக்கான சொல். ஆங்கிலத்தில் speculum, லத்தீனில் கண்ணாடி என்று பொருள். 'சிறகாடி' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். ஆடி என்றால் கண்ணாடி என்பது விளங்குகிறது, ஆனால் வாசிக்கும்போது சிறகு ஆடுவதாகத்தான் படுகிறது. மருமகன் தன் கொப்பியில் 'செட்டைப்பொட்டு' என்று எழுதி வைத்திருக்கிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது.