கிக் ஸ்கூட்டர் ஓட்டினால் முழங்கால் வலி: பேரிங் மாற்றினால் போதுமா, வண்டியையே மாற்றணுமா?

காலை ரயில்

வணக்கம் நண்பர்களே. ரயிலை விட்டு இறங்கி அலுவலகம் போக 1.6 கிலோமீட்டர். தினமும் நடக்க நேரம் போதவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் பெரியவர்கள் காலால் தள்ளி ஓட்டும் கிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். 200 மி.மீ. சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங், மடக்கி எடுத்துப் போகலாம். என் எடை 78 கிலோ, உயரம் 176 செ.மீ.

இப்போது மூன்று தொந்தரவு. இடது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, மாடிப்படி இறங்கும்போது நன்றாகவே தெரிகிறது. வண்டி இழுவையாக இருக்கிறது, ஒரு தள்ளு தள்ளினால் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுகிறது. முன்பக்கம் வேறு 'டக் டக்' என்று சத்தம். ஏபெக் 9 பேரிங் போட்டால் எல்லாம் சரியாகும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

இன்னொன்று, 9 வயது மகளும் ஸ்கூட்டர் கேட்கிறாள். ஹேண்டிலை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம்தானே, ஒன்றே இரண்டு பேருக்கும் போதுமா?

மெல்லோட்டம்

நண்பரே, பேரிங்குக்குக் காசு போடும் முன் ஒரு ஸ்கேல் எடுங்கள். வண்டிமேல் நீங்கள் ஏறி நிற்கும்போது, கால் வைக்கிற பலகையின் மேல்பக்கம் தரையிலிருந்து எத்தனை செ.மீ.? ஹேண்டில் எவ்வளவு உயரம்? எந்தக் காலால் தள்ளுகிறீர்கள், மாற்றி மாற்றியா ஒரே காலா? வழி எப்படி, படி ஏற வேண்டியிருக்கா?

காலை ரயில்

பலகை 12.5 செ.மீ. ஹேண்டில் 94 செ.மீ., அதுக்கு மேல் ஏறாது. எப்போதும் வலது காலால்தான் தள்ளுவேன், இடது கால் பலகையில். பாதி தூரம் வழவழப்பான கான்கிரீட், பாதி பதிகல் தரை. நிலையத்தில் இரண்டு அடுக்குப் படி தூக்கிக்கொண்டு ஏறணும்.

திருகாணி

பேரிங் பற்றி மட்டும் நான் சொல்றேன். ஏபெக் எண் பேரிங்கை எவ்வளவு நுணுக்கமான அளவில் கடைஞ்சிருக்காங்க என்பதைத்தான் சொல்லும். எத்தனை வேகம் போகும் என்பதை அது சொல்லாது. மிக வேகமாச் சுத்துற இயந்திரங்களில் அந்த வித்தியாசம் முக்கியம். காலால் தள்ளுற வண்டியில் 5-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது. சுத்தமா, கிரீஸோட இருக்கா என்பதுதான் தெரியும்.

சக்கரத்தைத் தரையில் படாம தூக்கிக் கையால் சுத்தி விடுங்க. கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. பெரும்பாலான கிக் ஸ்கூட்டர்ல 608 தான் இருக்கும் (உள் துளை 8, வெளி விட்டம் 22, தடிமன் 7 மி.மீ.), சாதாரணமானதே போதும். சத்தமே இல்லாம சட்டுனு நின்னா அச்சு போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கியிருக்கலாம், கால்வாசிச் சுத்து தளர்த்திப் பாருங்க. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல சின்னக் குழாய் மாதிரி ஸ்பேசர் இருக்கணும், அது இல்லைன்னாலும் இப்படி ஆகும். பின்சக்கரத்தில், காலால் மிதிக்கிற மட்கார்டு பிரேக் உரசுதான்னும் பாருங்க. துரு எடுக்கிற ஸ்பிரேயை மட்டும் பேரிங்ல அடிக்காதீங்க, உள்ள இருக்கிற கிரீஸைக் கழுவிடும்.

மெல்லோட்டம்

நினைத்தது சரிதான். 12.5 செ.மீ. பலகை, அதுவும் ஒரே கால். உங்கள் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்கூட்டர் வாங்கும்போது எல்லோரும் சக்கரத்தைப் பார்க்கிறோம், தள்ளுகிற காலை நினைக்கிறோம். ஆனால் உழைப்பது பலகைமேல் நிற்கிற கால். ஒவ்வொரு தள்ளுக்கும் மற்ற பாதம் தரையைத் தொட வேண்டும். அதற்கு நிற்கிற முழங்கால் மடங்கி, உடம்பு முழுவதையும் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். பலகை எத்தனை செ.மீ. உயரமோ அத்தனை இறக்கம். என் பழைய வண்டியில் எண்ணிப் பார்த்தேன், 100 மீட்டருக்கு 34 தள்ளு. உங்கள் தூரத்துக்கு அது ஐந்நூறைத் தாண்டும். போக ஒரு தரம், வர ஒரு தரம். தினமும் ஆயிரம் அரைத் தோப்புக்கரணம், அதுவும் ஒற்றைக் காலில்!

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே செய்து பாருங்கள். தடித்த புத்தகங்களை 8 செ.மீ. உயரத்துக்குச் சுவரோரமாக அடுக்குங்கள். வழுக்காமல் இருக்கச் சுவரில் கை வைத்துக்கொண்டு, இடது காலால் அதன்மேல் நின்று, வலது பாதத்தைத் தரையில் முழுசாகப் பதித்து எடுங்கள், முப்பது தடவை. பிறகு இன்னும் இரண்டு புத்தகம் சேர்த்து 12.5 ஆக்கி அதே முப்பது. இருபதைத் தாண்டும்போது தொடை சொல்லிவிடும். (வலி அதிகமாக இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம். ஓட்டாத நாட்களிலும் வலி இருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.)

இழுவைக்கும் ஸ்பிரிங்குக்கும் தொடர்பு உண்டு. நீங்கள் அழுத்தித் தள்ளும்போது ஸ்பிரிங் அமுங்கி எழுகிறது, உங்கள் பலத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. ஸ்பிரிங் அமுங்க இடம் வேண்டும் என்றுதான் பலகையையும் உயர்த்தி வைக்கிறார்கள்.

புறவழி

ஸ்பிரிங்கை ஒரேயடியா ஒதுக்காதீங்க அண்ணா. பதிகல் தரையில் கெட்டி ரப்பர் சக்கரம் ஓட்டிப் பாருங்க, பத்து நிமிஷத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். என் ஓட்டு, காத்து அடிக்கிற டயர். 12 அங்குலமோ 16 அங்குலமோ போட்டா கல்லெல்லாம் தெரியாது. பலகையும் சக்கர அச்சுக்குக் கீழே தொங்குற மாதிரி இருக்கும், உயரமும் குறைவுதான்.

மெல்லோட்டம்

தம்பி சொல்வது சரி. தூரம் அதிகம், படி இல்லை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த வண்டிகள் 8, 10 கிலோ வரும், மடக்கினாலும் இடம் பிடிக்கும். இவர் தினமும் இரண்டு அடுக்கு ஏறுகிறார், நெரிசலான ரயிலில் நிற்கிறார். எனவே ஸ்பிரிங் இல்லாத 200 மி.மீ., பலகை 9 செ.மீ.க்குள், எடை 5 கிலோ அளவு. பதிகல்லில் கை கொஞ்சம் அதிரும், முழங்கால் பிழைக்கும். வழி முழுக்க வழவழப்பாக இருந்தால் 145 கூடப் போதும், தூக்கவும் லேசு. 100 மி.மீ. சின்னச் சக்கரம் உங்கள் வழிக்கு வேண்டவே வேண்டாம், கல் இடுக்கில் மாட்டினால் ஆளைத் தூக்கி எறியும். ஹேண்டில் உங்கள் உயரத்துக்கு ஒரு மீட்டர் அளவு ஏற வேண்டும். 94-ல் குனிந்து குனிந்து முதுகும் சேர்ந்து வலிக்கும்.

திருகாணி

'டக் டக்' சத்தத்தை யாரும் கவனிக்கலையே! எனக்கு அதுதான் முதல் கவலை. முன் பிரேக் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு, இல்லைன்னா முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவச்சு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. இன்னொரு கை விரலை, ஹேண்டில் தண்டு கழுத்துக்குள்ள நுழையிற இடத்தில் வைங்க. அங்க ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட் (ஹேண்டில் தண்டு திரும்புறதுக்கான கழுத்துப் பேரிங்) லூஸ். ரெண்டு ஸ்பேனர் வேணும், மேல் நட்டைத் தளர்த்தி, கீழதை ஆட்டம் போற அளவுக்கு மட்டும் முறுக்கி, மறுபடி மேலதைப் பூட்டணும். ஆட்டம் மடக்குற மூட்டில் இருந்தா அதைச் சரிசெய்யாம ஓட்டவே ஓட்டாதீங்க. ஓடும்போது அந்தப் பூட்டு விட்டுதுன்னா முகம்தான் முதல்ல தரையில் படும். ஹெல்மெட் போடுறீங்கதானே?

புதுசு வாங்கினா கைப்பிரேக்கோட வாங்குங்க. மழையில் மட்கார்டை மிதிச்சா ஈரச் சக்கரத்தில் வழுக்கிக்கிட்டே போகும்.

ரெண்டு பிள்ளை அம்மா

மகளுக்கு உங்க வண்டி வேண்டாங்க. ஹேண்டிலை இறக்கலாம், எடையை என்ன செய்வீங்க? 5 கிலோ வண்டியை அவளால் சுலபமாத் திருப்ப முடியாது. என் சின்னவன் அண்ணன் வண்டியை எடுத்து, அது சரிஞ்சு கணுக்காலில் விழுந்து அழுதான்.

முதல்ல அவகிட்ட எதுக்குன்னு கேளுங்க. எங்கேயாவது போய் வரணும்னா 125-லிருந்து 145 மி.மீ. சக்கரம், இடுப்பளவு ஹேண்டில், மடக்குறது. ராம்ப்ல குதிக்கணும், சுத்தணும்னா ஸ்டன்ட் ஸ்கூட்டர். அது மடங்காது, ஹேண்டில் உயரம் மாறாது, சக்கரம் பெரும்பாலும் 110. ஒண்ணை வச்சு இன்னொண்ணைச் செய்ய முடியாது. மடக்குற வண்டியில் குதிச்சா வண்டியோட மூட்டு உடையும். வண்டியில் போட்டிருக்கிற எடை வரம்பையும் பாருங்க, குழந்தை வண்டி பலதும் 50 கிலோவரைதான்.

காலை ரயில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். புத்தகச் சோதனை செய்தேன். 12.5-ல் இருபத்திரண்டோடு நிறுத்திவிட்டேன், 8-ல் முப்பதும் சுலபமாக வந்தது. சத்தம் ஹெட்செட்தான், அதை முறுக்கியதும் நின்றது. பேரிங்கில் குறையே இல்லை.

வேறு வண்டி எடுத்துவிட்டேன். 200 மி.மீ., ஸ்பிரிங் இல்லை, பலகை 8.5, கைப்பிரேக் உண்டு. 100 மீட்டருக்கு இப்போது 27 தள்ளு. படி இறங்கும்போது வலி கிட்டத்தட்ட இல்லை. பதிகல்லில் கை அதிர்கிறது, மோசமான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். மகள் ராம்ப் பக்கமே போக மாட்டாளாம், தோழி வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமாம். 145 வாங்கினோம்.

ஒன்று மட்டும் வரவில்லை. ஓடும்போது கால் மாற்றப் போனால் தடுமாறுகிறேன்.

மெல்லோட்டம்

குதித்து மாற்றாதீர்கள். தள்ளிய காலைப் பலகையின் பின்பகுதியில், நிற்கிற காலுக்குப் பின்னால் வையுங்கள். நிற்கிற காலின் குதிகாலை வெளியே திருப்பி அதை எடுங்கள், பின்னால் வைத்த காலை முன்னுக்கு நகர்த்துங்கள். முதலில் வண்டியை நிறுத்தி வைத்துப் பத்து தடவை, பிறகு மெதுவாக ஓடும்போது. எட்டுத் தள்ளுக்கு ஒரு தரம் மாற்றுங்கள். வலது முழங்கால் முதல் வாரம் முரண்டு பிடிக்கும், விட்டுவிடாதீர்கள்.