1968 ஜாவா: அடையாளத் தகடு இல்லாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு தேவையா?

கேள்வி
வணக்கம். பெரியப்பா வைத்திருந்த 1968ஆம் ஆண்டு ஜாவா 250 மோட்டார் சைக்கிள் இப்போது என் பெயரில் உள்ளது. மதராஸ் மாநிலக் காலத்தில் வழங்கப்பட்ட, எம்.டி. என்று தொடங்கும் பதிவெண்ணும் ஆர்.சி. புத்தகமும் பத்திரமாக இருந்தாலும், பதிவு பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. தயாரிப்பாளர் பொருத்திய அடையாளத் தகட்டையும் காணவில்லை. இணையத்தில் விற்கும் நகல் தகட்டை வாங்கி ரிவெட் அடிக்கலாமா? விண்டேஜ் (பழமையான வண்டிகள்) பிரிவில் பதிந்தால் பழைய எண் போய்விடுமா? வாரம் ஒருமுறை சந்தைக்காவது இதை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

பதில் 1
பழைய எண் போகாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் விதிகளின்படி, முன்பே பதிவான வண்டி தன் எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகளும், ஈரெழுத்துத் தொடரும், எண்ணும் வரும். 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ் (வண்டியின் சட்டகம்), என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியாக இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

ஆனால் தங்கள் விருப்பத்துக்கு இந்தப் பிரிவே தடையாக நிற்கும். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வண்டி சாலையில் இறங்கலாம் என்பதால், சந்தைக்குப் போவது விதிமீறலாகிவிடும். ஆர்.சி. ரத்தாகாமல் இருந்தால், படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தாண்டுகளுக்குச் சாதாரணப் புதுப்பித்தல் பெறுவதே நல்லது. பசுமை வரியோடு, விடுபட்ட ஆண்டுகளுக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2
தகட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆய்வாளர் பார்ப்பது சேசிஸிலும் என்ஜினிலும் அடிக்கப்பட்ட எண்களைத்தான். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நகல் தகடு வெறும் அலங்காரம். எண் எதுவும் பொறிக்காமல் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணைத் தாங்களாகவே பொறித்து ஒட்டினால், ஒழுங்கான வண்டி மீதும் சந்தேகம் விழும். துருவுக்கு அடியில் எண் மங்கியிருந்தால் மண்ணெண்ணெயும் மென்மையான துணியும் போதும். கிரைண்டர் வைத்துவிடாதீர்கள், தேய்ந்த எண்ணை மறுபடி குத்தவும் செய்யாதீர்கள்: சேசிஸ் எண்ணைத் திருத்துவதாகவே அது கருதப்படும்.

கேட்டவர்
மிக்க நன்றி. சேசிஸ் எண் பொருந்துகிறது. என்ஜின் எண்தான் வேறாக இருக்கிறது. மெக்கானிக் இதை யெஸ்டி என்ஜின் என்கிறார்.

பதில் 2
யெஸ்டி என்ஜின் மாட்டிய ஜாவாக்கள் ஏராளம். இரண்டும் மைசூரில் இருந்த ஒரே ஆலையின் வண்டிகள் என்பதால் மாற்றுவது எளிதாக இருந்தது. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால், அந்த என்ஜினை வாங்கியதற்கான ரசீதைத் தேடி எடுத்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மாற்றத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பித்து, அது முடிந்த பிறகே புதுப்பித்தலுக்குப் போங்கள். என்ஜின் மாறிய இந்த நிலையில் விண்டேஜ் விண்ணப்பம் தேறுவதும் கடினம்தான்.