ஆராய்ச்சிக் கப்பல்ல ஓவியருக்கு என்ன வேலை?

நீலப்பென்சில்:
நான் இல்லஸ்ட்ரேஷன் பண்றவ. ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட்டுன்னு ஒரு கடலாராய்ச்சி அமைப்பு, 2015ல இருந்து 'ஆர்ட்டிஸ்ட் அட் சீ'ன்னு ஒண்ணு நடத்துறாங்க, விஞ்ஞானிங்க போற கப்பல்லயே ஒரு ஓவியரையோ சிற்பியையோ கூட்டிட்டுப் போறாங்க, சுபாஸ்டியன்னு ஒரு ரோபோ 4500 மீட்டர் வரைக்கும் இறங்கும், அது அனுப்புற வீடியோவ அவங்களோடயே உக்காந்து பாக்கலாம். அப்ளை பண்ண ஆசை. எங்கண்ணன் "அதான் கேமரா இருக்கே, உன்ன விளம்பரத்துக்குக் கூப்பிடுறாங்க"ங்கறான். நெஜமாவே அறிவியலுக்கு இதால பிரயோஜனம் உண்டா?

கரைவலை:
உண்டு சகோ. எல்ஸே போஸ்டெல்மன்னு (Else Bostelmann) ஒரு ஓவியர், தேடிப் பாருங்க. 1930கள்ல பெர்முடாவுல விலங்கியலாளர் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் ஒரு இரும்பு உருண்டைக்குள்ள உக்காந்து இறங்குனாங்க, 1934ல 923 மீட்டர் வரைக்கும். ஜன்னல் வழியா என்ன தெரியுதோ அத பீபி ஃபோன்ல சொல்லச் சொல்ல மேல கப்பல்ல அவர் குழுவுல இருந்த குளோரியா ஹோலிஸ்டர் எழுதிக்குவாங்க, அந்தக் குறிப்ப வச்சு, பீபிகிட்ட திரும்பத் திரும்பக் கேட்டு வரைஞ்சது இந்தம்மா. உருண்டைக்குள்ள இவங்க போனதே இல்ல! ஆனா ஹெல்மெட் மாட்டிட்டு ஆழம் கம்மியான எடத்துல இறங்கி தண்ணிக்குள்ளயே ஆயில் பெயிண்ட் பண்ணிருக்காங்க. கீழ போகப் போக செவப்பு மொதல்ல காணாமப் போகும், நீலம்தான் மிச்சம், அந்த ஆழத்துல அத அன்னைக்கு கேமராவால காட்ட முடியல.

உப்புத்தண்ணி:
அண்ணன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. பீபி பாத்தேன்னு சொன்ன ஆறடி மீன் ஒண்ணு, பத்திஸ்பேரா இன்டாக்டான்னு பேர் வச்சாரு, போஸ்டெல்மன் படமும் போட்டாங்க, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் யாரும் அந்த மீனப் பாக்கல. படம் அழகா இருந்தா ஜனங்க ஆதாரம்னு நம்பிடுவாங்க, அதான் எனக்கு பயம். இப்பதான் 4கே வந்தாச்சே.

கரைவலை:
@உப்புத்தண்ணி அந்த மீன் விஷயம் சரிதான். ஆனா 4கே கேமரா லைட் அடிக்கிற தூரம் வரைக்கும்தான் காட்டும் ப்ரோ, சில மீட்டர், அதுக்கு அந்தப் பக்கம் இருட்டு. ஒரு மலைத்தொடரையே காட்டணும்னா? கடலடி மேப் வரைஞ்ச மேரி தார்ப் கதையப் பாருங்க. கப்பல் போன கோட்டுல மட்டும்தான் ஆழக் கணக்கு இருக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல வெறும் காலி, நிலவியல வச்சு யோசிச்சு அந்த எடத்த ரொப்புனது அவங்கதான். அட்லாண்டிக் நடுவுல இருக்குற மலைத்தொடர் உச்சியில ஒரு பள்ளத்தாக்கு ஓடுதுன்னு 1952லயே கண்டுபுடிச்சாங்க, கூட வேலை பாத்த ப்ரூஸ் ஹீசன் மொதல்ல "பொம்பளப் பேச்சு"ன்னு ஒதுக்கிட்டாரு (அப்பல்லாம் பெண்கள கப்பல்லயே ஏத்த மாட்டாங்க, அது தனி எரிச்சல்). அப்புறம் ஆல்ப்ஸ் மலைய வரையிற ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிக் பெரான் சேந்தாரு. 1967ல இந்தியப் பெருங்கடல், 1977ல உலகக் கடலடி மொத்தமும் மேப்பா வந்துச்சு. கங்கை கொண்டுவந்து கொட்டுன வண்டல் இலங்கையத் தாண்டி தெக்க விரிஞ்சு கெடக்குறத அந்த மேப்லதான் நான் மொதமொத பாத்தேன்.

உப்புத்தண்ணி:
அதுலயும் மலை உயரத்த வேணும்னே கூட்டித்தான் வரைஞ்சிருப்பாங்க 😄 ஆனா அது தெரியுற மாதிரி இருக்கு, மீன் மாதிரி இல்ல, ஒத்துக்குறேன்.

நீலப்பென்சில்:
அப்போ நான் என்ன வரையலாம்னு கேட்டு எழுதுறதுக்குப் பதிலா, அந்தப் பயணத்துல கேமராவுக்குள்ள அடங்காதது எதுன்னு அவங்ககிட்டயே கேக்கலாம் போல.

கரைவலை:
அதக் கேளுங்க. அதுவரைக்கும் சுபாஸ்டியன் இறங்குறத யூட்யூப்ல லைவ்வா போடுறாங்க, விஞ்ஞானிங்க பேசிக்குறதும் கேக்கும், வீடியோவ நிறுத்தாம பாத்துக்கிட்டே வரைஞ்சு பழகுங்க.