பீமன் தேடிச் சென்ற சௌகந்திகமும் இமயத்துப் பிரம்மகமலமும் ஒன்றா?

கேள்வி (மொட்டைமாடித் தோட்டம்)

வணக்கம். எங்கள் மாடியில் அம்மா தொட்டியில் வளர்க்கும் செடி சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் மூன்று வெள்ளைப் பூக்கள் விட்டது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர், அம்மா கற்பூரம் காட்டினார், விடிவதற்குள் பூக்கள் நனைந்த துணிபோலத் தொங்கிவிட்டன. வந்திருந்த பெரியவர் ஒருவர், இதுவே பிரம்மகமலம் என்றும், திரௌபதிக்காகப் பீமன் கந்தமாதன மலையில் பறித்து வந்த சௌகந்திகம் இதுதான் என்றும் உறுதியாகச் சொன்னார். கேதார்நாத் சென்று வந்த என் சித்தப்பாவோ, அங்கே சிவனுக்குச் சாத்தும் பிரம்மகமலம் முற்றிலும் வேறு பூ என்கிறார். வடமொழி மூலம் என்ன சொல்கிறது, தாவரவியல் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (ஏட்டுப்பூச்சி)

ஐயா, மூலத்திலிருந்தே தொடங்குவோம். மகாபாரதத்தின் வனபருவத்தில் பாண்டவர்கள் பதரியில் தங்கியிருக்கும்போது வடகிழக்கிலிருந்து வீசிய காற்று ஒரு பூவைக் கொண்டுவந்து போடுகிறது. அதைச் சுலோகம் ‘ஸஹஸ்ரபத்ரம் அர்காபம் திவ்யம் பத்மம்’ என்கிறது. ஆயிரம் இதழ் கொண்ட, கதிரவனை ஒத்த, தெய்வத் தாமரை என்பது பொருள். ‘ஸஹஸ்ரபத்ரம்’ என்ற சொல்லைக் கண்டதும் ஏதோ அபூர்வ மலர் என்று நாம் மயங்குகிறோம். அமரகோசமோ அதைத் தாமரையின் பெயர்களுள் ஒன்றாகவே வைக்கிறது. ‘சௌகந்திகம்’ என்பதற்கும் அதே நிகண்டு ‘கல்ஹாரம்’ என்று பொருள் தருகிறது. தமிழில் அதனைச் செங்கழுநீர் என்று கொள்வது வழக்கம். இரண்டுமே நீர்ப்பூக்கள்.

பீமன் வழியில் வாழைத்தோப்பில் அனுமனைச் சந்தித்து, பின்னர் குபேரனின் பொய்கையை அடைகிறான். குரோதவசர் என்னும் அரக்கர் காவல் காக்கும் அந்தப் பொய்கையில் பொன்னிறப் பூக்கள் வைடூரியத் தண்டுகளுடன் நிறைந்திருக்கின்றன. குளமும் தண்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும்போது, பாறைச் சரிவில் முளைக்கும் செடியை அங்கே கொண்டுபோய் வைப்பதற்கு இடமே இல்லை.

ஆனால் கவி தாவரவியல் எழுதவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. குமாரசம்பவத்தின் முதற்சருக்கத்தில் காளிதாசன், இமயத்தின் உச்சிப் பொய்கைகளில் ஏழு முனிவர்கள் பறித்தது போக எஞ்சிய தாமரைகளை, மலைக்குக் கீழே சுற்றிவரும் சூரியன் மேல்நோக்கிய கதிர்களால் மலர்த்துகிறான் என்கிறான். சூரியனையே கீழே இறக்கிவிட்ட அந்த உயரத்தில் மெய்யான தாமரை பனியில் பிழைக்காது. இமயப் பொய்கை என்றால் தாமரை இருந்தாக வேண்டும் என்பது காவிய மரபு. தமிழில் இக்கதையைப் படிக்க விரும்பினால் வில்லிபாரதத்தின் ஆரணிய பருவத்தில் ‘புட்பயாத்திரைச் சருக்கம்’ உள்ளது.

மறுமொழி (மலைநடை)

தங்கள் சித்தப்பா சொல்வது சரி. கேதாரத்தில் சாத்தப்படும் பூ ‘சாசுரியா ஓப்வல்லாட்டா’. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அது தாமரைக்கு எவ்வகையிலும் உறவன்று. உத்தரகண்ட் மாநிலத்தின் மலரும் அதுவே. சாசுரியா என்ற பேரினப் பெயர் ஜெனீவாவின் சொசூர் குடும்பத்து அறிவியலாளரை நினைவூட்டுவது.

ஹேம்குண்ட் சாகிப் செல்லும் ஏற்றத்தில், 4,000 மீட்டருக்கு மேல், ஆகஸ்டு மாத மூடுபனியில் நான் அதைப் பார்த்தேன். தொலைவில் பாறை இடுக்கில் முட்டைக்கோஸ் வைத்ததுபோல் தெரிந்தது. அருகே சென்றால், நாம் இதழ் என்று நினைப்பவை வெளிர்மஞ்சள் நிறத்தில் எண்ணெய்த்தாள்போல் ஒளி ஊடுருவும் பூவடிச் செதில்கள். மெய்யான பூக்கள் அவற்றுக்குள்ளே கருஊதாத் தலைமஞ்சரிகளாக, அதாவது சிறுபூக்கள் திரண்ட தலைகளாக, நெருங்கி ஒளிந்திருக்கின்றன. அச்செதில்கள் ஒளியை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மகரந்தத்தை மழை நனைக்காமலும் காக்கின்றன. சுருங்கச் சொன்னால், செடி தனக்கென ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. இதன் உறவினமொன்று வெண்பஞ்சால் போர்த்திக்கொண்டு குளிரைத் தாங்குகிறது. அதை அங்கே நுரைத்தாமரை என்னும் பொருளில் ‘பேன் கமல்’ என்கிறார்கள். (நம் எழுத்தில் எழுதினால் பொருள் தலைக்கு ஏறிவிடுகிறது!)

விதை முற்றுமுன் பூவைப் பறித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. யாத்திரை செல்பவர்கள் இதைக் கருதவேண்டும்.

தங்கள் மாடிப் பூ ‘எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம்’ என்னும் கள்ளியினம். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். இரவில் மணப்பது என்னும் பொருள்தரும் நிஷாகந்தி என்ற பெயரே அதற்குப் பொருத்தம். இலைபோல் தட்டையாக இருப்பது உண்மையில் தண்டு. மொட்டு அதன் விளிம்பிலிருந்து புறப்படுவதைக் கவனித்தாலே விளங்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடியைப் பீமன் பறித்திருக்க முடியாது.

மறுமொழி (பாலக்காட்டுக்காரன்)

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் ‘கல்யாண சௌகந்திகம்’ என்றாலே இஞ்சிக் குடும்பத்து வெள்ளைப்பூ ஒன்றைக் காட்டுவார்கள். அதன் தாவரப்பெயர் ‘ஹெடிக்கியம் கொரோனேரியம்’. கதகளி அரங்கில் அதே பெயரில் ஆடப்படும் பீமன் கதை அங்கே அவ்வளவு பெயர்பெற்றது. மணத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் என் வாக்கு அதற்குத்தான்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சித்தப்பா கேதாரத்திலிருந்து கொணர்ந்து பூஜை அலமாரியில் வைத்திருந்த காய்ந்த பூவை இன்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாள்போன்ற செதில்களை மெல்ல விலக்கியபோது, உள்ளே மிளகளவுக்குச் சற்றுப் பெரிதாகச் சுருங்கிக் கறுத்த தலைகள் ஒன்பது இருந்தன.